தண்ணீர்க் கந்தோரில் பொன்னுருக்கு

தண்ணீர் விற்ற கம்பனி ஒன்றின் பழைய கந்தோரில், அதாவது அலுவலகத்தில்தான் என் மாமா குடியிருந்தார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த காலத்தில் தண்ணீரை வாங்கவும் ஆளில்லை, விற்கவும் ஆளில்லை. ஒஸ்லோவுக்கு வடக்கே ரயிலில் போய், பிறகு பஸ் பிடித்து, பஸ்ஸும் போதும் என்று திரும்பிவிடுகிற ஒரு வளைவில் இறங்கி, காட்டுக்குள் நடந்தால் வருகிற மஞ்சள் நிற மரவீடு அது. முன்னொரு காலத்தில் அந்த மலைக்குள் தங்கம் தோண்டினார்கள். தோண்டிய கல்லை நொறுக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும். மேலே இருந்த ஏரிகளை மறித்து, மரவாய்க்கால்களில் இறக்கி, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் முறைவைத்து அந்தத் தண்ணீரை விற்றது கம்பனி. முறை கேட்டு வருகிறவர்களுக்கு முன்னறையில் ஒரு சின்ன யன்னல் இருந்தது. யன்னலுக்கு எதிரே, சுவர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, உட்கார்ந்து காத்திருக்க ஒரு வாங்கு.

தங்கம் தீர்ந்தது, கம்பனி போனது. வாங்கு போகவில்லை. அந்த வீட்டை மியூசியமாக்கியவர்கள் பின்னறையை மாமாவுக்குக் கொடுத்திருந்தார்கள். மாரியில் கூரைப்பனி தள்ள வேண்டும், அடுப்பு அணையாமல் பார்க்க வேண்டும், கோடையில் வருகிறவர்களுக்குத் தண்ணீர்க் கதை சொல்ல வேண்டும். தாய்மொழிபோலத்தான் நோர்வேஜியனில் சொல்லுவார். ஒரு கையில் சுட்டிக்காட்டுகிற தடி, மற்றக் கை எப்போதும் காற்சட்டைப் பைக்குள்.

அந்த மற்றக் கையில் இரண்டு விரல்கள் பாதிதான். நாட்டுக்கு வந்த புதிதில் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டுகிற வேலைக்குப் போனவர். ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. எனக்கு அது புதினமே இல்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்த மாமாவே அப்படித்தான்.

"தமிழன் ஒருத்தனும் இல்லாத காட்டுக்கை என்னத்தையடா கண்டனீ?" என்று அம்மா கேட்பார். அம்மாவின் தம்பி அவர். சனிக்கிழமைகளில் ஒஸ்லோவில் ரொம்மனில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிடுவார்.

"அங்கை வாங்கு கிடக்கு அக்கா."

"இஞ்சை சோஃபா கிடக்கு."

"சோஃபாவிலை இருந்தா நித்திரை வருது. வாங்கிலை இருந்தா ஆரோ வரப்போற மாதிரிக் கிடக்கு."

வரப்போகிறவர் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் மாமாவுக்கு இரண்டு வேலி தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டில் ஒருவர். மாமா பத்தொன்பது வயதில் புறப்பட்டபோது அவரிடம் எதையோ சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதன்பிறகு சண்டை, மூடிய பாதை, இடம்பெயர்வு. சமாதானப் பேச்சு தொடங்கிப் பாதை திறந்த அந்த வருடம்தான் கிழமைக்கொரு தடவை, வாரம் தவறாமல், ரெலிபோனில் குரல் கேட்கிற அளவுக்கு நிலைமை வந்தது. குரல் மட்டும். வந்த முதல் மாரியில், யாருடையதோ ஒரு தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பனிக்குள் நின்று எடுத்த படம் ஒன்றைத்தான் மாமா அனுப்பியிருந்தார். பிறகு ஒன்றும் அனுப்பவில்லை. கமரா பழுதென்றார்.

கலியாணத்துக்கு நாள் குறித்து, விசாவும் கிடைத்த பிறகு அந்தக் குரலை நான் மாமி என்று கூப்பிடத் தொடங்கினேன்.

கலியாணத்துக்கு முன்னால் பொன் உருக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் அது பெரிய காரியம். நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில், நகை செய்கிற ஆசாரியார் வந்து ஒரு தங்க நாணயத்தைச் சபைக்கு முன்னால் உருக்குவார். அதிலிருந்துதான் தாலி. மாமா கட்டப்போகிற தாலி லண்டனில் ஒரு கடையில் ஏற்கெனவே செய்யப்பட்டு வந்து, அம்மாவின் அலுமாரியில் துணிக்கடியில் படுத்திருந்தது. அதற்காகப் பொன்னுருக்காமல் விடமுடியுமா? மாப்பிள்ளை வீடு எது என்பதுதான் முதல் சிக்கல். எங்கள் ஃபிளாட்டில் சாம்பிராணி காட்டினாலே புகை மணி கத்தி, மேல்மாடியில் இருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி ஓடுவார்கள். கடைசியில் அப்பாதான் சொன்னார்: மாப்பிள்ளை குடியிருக்கிற வீடுதானே மாப்பிள்ளை வீடு.

அடுத்த சிக்கல் ஆசாரியார். ஒஸ்லோ முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் ப்ளொக்கின் மேல்மாடியில் தமிழ்நாட்டில் இருந்து வந்த ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். துரொண்ட்ஹெய்மில் உலோகம் படித்தவர். அம்மா நேரே போய் மணியை அடித்தார்.

"அக்கா, நான் டாக்டரேட் பண்ணது அலுமினியத்துலங்க. தங்கம் பக்கமே போனதில்ல."

"அலுமினியத்தை உருக்கிற கைக்குத் தங்கம் உருகாதோ, தம்பி?"

"உருகும்... ஆனா இதுல சாஸ்திரம்லாம் இருக்குமே?"

"சாஸ்திரத்தை நான் பாக்கிறன். நீங்கள் நெருப்பைப் பாருங்கோ."

மாமி செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. பொன்னுருக்கு வியாழன் காலை. இடையில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மாமா புதுச் சப்பாத்து வாங்கி, அதைப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஏனென்றால் பொன் உருக்கிய பிறகு, தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. அதுதான் முறை. ஆனால் கொழும்பில் ஏதோ முத்திரை பிழைத்து, மாமியின் பயணம் வியாழன் பின்னேரத்துக்குத் தள்ளிப்போனது.

"பொன்னுருக்கைத் தள்ளிவைப்பமே?" என்றார் அப்பா.

"நல்ல நாள் எங்களுக்காகக் கால்கடுக்க நிக்குமோ?" என்றார் அம்மா.

"எத்தினை வருசமாக் காணாத ஆக்கள். இனியும் காணாதையுங்கோ எண்டோ சொல்லப்போறாய்?"

"இவ்வளவு வருசமும் காணாமல் இருந்தவைக்கு இன்னும் ஒரு கிழமை பெரிசோ?"

அப்பா பஸ் ஓட்டுகிறவர். எந்த இடத்தில் பிரேக் பிடிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிடித்தார்.

வியாழன் காலை அந்த நீள வாங்கில் நிறைகுடமும் குத்துவிளக்கும் பிள்ளையாரும் வைத்தோம். மாமா வேட்டி உடுத்தி, அதற்குள்ளே கம்பளிக் காலுறை போட்டிருந்தார். தமிழ்நாட்டு அண்ணா ஆய்வுகூடக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னால் உட்கார்ந்தார். முன்பு தண்ணீருக்காக ஆட்கள் காத்திருந்த அறையில் நீலச்சுவாலை சீறியது. நாணயத்தில் இருந்த முகம் முதலில் வியர்த்தது, பிறகு இல்லாமற்போனது, பிறகு எல்லாம் ஒரு துளியாகத் திரண்டு நடுங்கியது. அதைத் தட்டத்தில் வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டினார் அம்மா.

"உங்க பக்கம் எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படித்தானாங்க?" என்று வியர்வையைத் துடைத்தபடி அண்ணா கேட்டார்.

"ஓம் தம்பி," என்றார் அப்பா. "நாங்கள் எரிச்சுப் பாத்துத்தான் எதையும் நம்பிறது."

விமானநிலையத்துக்கு எங்களைவிடக் கிட்ட இருந்தவர் மாமாதான். அன்று பின்னேரம் மாமியைக் கொண்டுவந்த விமானம் அவருடைய காட்டுக்கு மேலால்தான் இறங்கியிருக்கும். அவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அது தோன்றவில்லை. அன்று நான் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு விமானநிலையத்தில் நின்றேன். மெலிந்த ஒருவர், கோடைக்குப் பொருத்தமில்லாத கறுப்பு ஸ்வெட்டரோடு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். பிடித்தபடியே அம்மாவின் தோளுக்கு மேலால் எங்களுக்குப் பின்னாலே யாரையோ தேடினார்.

"காலமைதான் உருக்கினது," என்று அம்மா சொன்னார். "இனி மணவறையிலை பாக்கலாம்."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மாமி என்னிடம் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, உங்கடை மாமா எப்பிடி? ஊரிலை இருந்த மாதிரியே இன்னும் கெந்திக் கெந்தி நடக்கிறவரோ?"

நான் ஊரில் அவரைக் கண்டதில்லை. தெரிந்ததைச் சொன்னேன். "நல்ல உயரம். தலைமயிர் முன்னுக்குக் கொட்டிப்போட்டுது. பகிடி விடுவார். மற்றது, ரெண்டு விரல் பாதிதான்."

அம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது.

"என்ன விரல்?" என்றார் மாமி.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்து சாப்பிடு," என்று அம்மா எனக்குச் சொன்னார். நான் சாப்பிட்டேன். அப்பாதான் இயந்திரத்தையும் ஹம்மர்பெஸ்டையும் பற்றி நாலு வசனத்தில் சொன்னார். கலியாணம் முடிந்தபிறகு தானே சொல்வதாக மாமா இருந்தவர் என்று அம்மா சேர்த்தார்.

மாமி நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "விரலுக்கில்லை அக்கா. கிழமைக்குக் கிழமை கதைச்சவர். மழை பெய்யுது, பனி கொட்டுது, வாங்குக்கு வார்னிஷ் அடிச்சனான் எண்டெல்லாம் சொன்னவர். சொல்லாமல் விட்டது விரல் மட்டும்தானோ எண்டுதான் யோசிக்கிறன்."

"அவன் பயந்தவன், பிள்ளை."

"ஒருக்கா ஆளைப் பாத்திட்டு என்ரை முடிவைச் சொல்லுறனே?"

"என்ன முடிவு? பொன் உருக்கியாச்சு!"

"பொன்தானே அக்கா உருகினது," என்றார் மாமி.

 விசாக்காரர் கேட்பார்கள் என்பதால் திரும்பிப்போவதற்கும் சேர்த்தே விமான ரிக்கற் எடுத்திருந்தது. அது மாமியின் கைப்பைக்குள் இருந்தது. அந்தக் கைப்பையை அவர் சமைக்கக் குசினிக்குப் போகும்போதும் கூடவே கொண்டுபோனார்.

மாமா ஒவ்வொரு நாளும் ரெலிபோன் எடுத்தார். மாமி குளித்துக்கொண்டிருந்தார், அல்லது படுத்திருந்தார். ஒருநாள் ரிசீவர் என் கைக்கு வந்தது.

"மாமி சாப்பிட்டவவோ?"

"ஓம். மாமா, விரலைப் பற்றி நான் சொல்லிப்போட்டன்."

தொலைபேசிக்குள் காடு இரைவது கேட்டது. "ஓ," என்றார். பிறகு, "அது நல்லது," என்றார். பிறகு என் ஸ்கூலைப் பற்றிக் கேட்டார். ஸ்கூல் விடுமுறை என்று அவருக்குத் தெரியும்.

விடுமுறைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அம்மா வயோதிபர் இல்லத்தில் வேலைக்கும் அப்பா பஸ் ஓடவும் போய்விட, மழை பெய்த ஒரு காலையில் மாமி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தண்ணீர்க் கந்தோரை எனக்குக் காட்டுவீங்களோ, பிள்ளை? வீட்டை மட்டும்."

நான் யோசித்தேன். ஆளைத்தான் பார்க்கக்கூடாது. வீட்டைப் பார்க்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவின் நீல மழைஜாக்கெட்டை எடுத்து மாமிக்கு மாட்டி, அதன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டேன். மாமா கண்டாலும் யாரென்று தெரியாது. முறையும் கெடாது. அந்த வயதில் எனக்கிருந்த புத்தி பிறகு எங்கே போனதோ தெரியவில்லை. நிலத்தடி ரயில், பெரிய ரயில், பஸ். பொறுப்பான வழிகாட்டிபோல ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் சொல்லிக்கொண்டே போனேன். மாமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓம், ஓம் என்றார்.

காடு நனைந்து கறுத்திருந்தது. கந்தோரின் வாசலில் ஒரு கூட்டம் நோர்வேஜிய முதியவர்கள் குடைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்று வீட்டைப் பார்ப்பதாகத்தான் பேச்சு. ஆனால் மழை. மாமி அவர்களோடு சேர்ந்து உள்ளே நடந்துவிட்டார். நானும் பின்னாலே ஓடி, வாங்கின் கடைசியில் அவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன்.

மாமாவின் கதை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். யன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். திடீரென்று யன்னற்கதவைத் திறந்து தலையை நீட்டி, கம்பனிக் கணக்கப்பிள்ளையின் கடுகடுத்த குரலில், "தண்ணீரா? இன்றைக்கு இல்லை!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அன்றும் திறந்தார், சொன்னார், சிரித்தார்கள். அவருடைய கண் வாங்கின் வழியாக ஒவ்வொரு முகமாக நடந்துவந்து என்னில் தட்டுப்பட்டது. பக்கத்தில் இருந்த நீல ஜாக்கெட்டுக்குப் போனது. அம்மாவின் ஜாக்கெட் அவருக்குத் தெரியாததா?

யன்னல் மூடிக்கொண்டது. அதுவும் நாடகம் என்று நினைத்து முதியவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

கொஞ்சநேரம் கழித்து, மழைக்குள்ளால் சுற்றிப் பக்கக்கதவால் மாமா வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்தபடியே வந்தார். ஏரிகளும் வாய்க்கால்களும் வரைந்த பெரிய வரைபடம் அந்தச் சுவரில் இருந்தது. அதற்கு முன்னால், எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மிச்சக் கதையை முழுவதும் சுவருக்கே சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். அதோடு, தடியையும் காணவில்லை. வலதுகை சும்மா தொங்கியது. ஒருநாளும் பையை விட்டு வெளியே வராத இடதுகையை உயர்த்தி, அந்தப் பாதி விரல்களாலேயே ஒவ்வொரு வாய்க்காலையும் மேலிருந்து கீழே மெல்ல மெல்லத் தடவிக் காட்டினார். வெளிச்சம் நேராகக் கையில்தான் விழுந்தது. கவலையீனம் என்று நினைத்தேன்.

"என்ன சொல்லுறார்?" என்று மாமி கேட்டார்.

காதுக்குள் மொழிபெயர்த்தேன். "மாரியிலை ஏரியெல்லாம் உறைஞ்சுபோம். தண்ணி இல்லையெண்டு தெரிஞ்சும் ஆக்கள் நெடுக வந்து இதிலை இருப்பினமாம். பனி உருகிறவரைக்கும்."

"ம்."

"வந்த ஆக்கள் ஒண்டும் கேக்காமலே திரும்பிப் போகவும் ஏலுமாம். கந்தோர் குறை நினைக்காதாம்." எனக்குக் குழப்பமாக இருந்தது. "இது வழமையாச் சொல்லுறேல்லை மாமி. புதுசாச் சேர்த்திருக்கிறார்."

மாமி ஜாக்கெட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். நான் பதறி இழுத்துவிடப் போனேன். என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முன்மயிர் போன தலையை, மழையில் நனைந்த சட்டைக் கழுத்தை, புதுச் சப்பாத்தை, வரைபடத்தில் நின்ற கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா அன்று கதையை நீட்டினார். எல்லா ஏரிகளையும் சொன்னார். எனக்குத் தெரியாத ஏரிகளையும் சொன்னார். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. முதியவர்கள் கைதட்டினார்கள். சுவரைப் பார்த்தபடியே தலைகுனிந்து நன்றி சொன்னார்.

அவர் திரும்புவதற்கு முன்னால் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். முறை கெடாமல் தப்பியது என்று எனக்கு நிம்மதி. மாமா மாமியைப் பார்க்கவில்லை. மாமியும் முகத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லவேண்டும். யன்னலில் தலைகாட்டிய அந்தக் கொஞ்சநேரம் கணக்கில் வராது. பஸ் தரிப்பிடத்தில் மாமி மழைக்குள்ளேயே நின்றார். ஜாக்கெட்டின் தொப்பி முதுகில் கிடந்து தண்ணீரால் நிறைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

திரும்புகிற ரயில் விமானநிலையத்தில் நிற்கும். நின்றது. கதவுகள் திறந்தன. பெட்டிகளோடு ஆட்கள் ஏறினார்கள். மாமி கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, கதவடிக்குப் போய் நின்றார். தடி ஊன்றிய ஒரு கிழவி மாமியின் இருக்கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமி கம்பியைப் பிடித்தபடி பிளாட்ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே விமானங்களின் நேரங்களைக் காட்டுகிற பலகை இருந்தது. கதவு நெடுநேரம் திறந்தே கிடந்ததாக எனக்கு நினைவு. எல்லா நிலையத்திலும் கிடக்கிற அளவுதான் கிடந்திருக்கும். பிறகு மூடியது.

லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் எத்தனையோ இருக்கைகள் வெறுமையாயின. "வந்து இருங்கோ மாமி, கால் நோகும்," என்று கூப்பிட்டேன்.

"இல்லைப் பிள்ளை. நிண்டே வாறன்."

ஒஸ்லோவில் என்னோடு இறங்கினார். அன்று பின்னேரம் ரெலிபோன் அடித்தபோது அவரே போய் எடுத்தார். "மழையிலை நனைஞ்சிருப்பியள், தலையைத் துடையுங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கலியாணம் நடந்தது. பொன் உருக்கிய பிறகு இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் கண்ணாலும் காணவில்லை என்று அம்மா வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். நானும் ஓம் என்றேன். எனக்குத் தெரிந்த அளவில் அது உண்மை.

அன்று மாமாவுக்கு இருந்த வயதுக்கு இப்போது நானும் வந்துவிட்டேன். கதவு திறந்தால் இறங்கிவிடுகிறவளாகத்தான் வளர்ந்திருக்கிறேன். இரண்டு நகரங்கள், ஒரு கலியாணம், எண்ணிச் சொல்லமுடியாத வாடகை வீடுகள். இறங்கியதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் சில நாட்களில் வேலை முடிந்து அந்த ரயிலில் வரும்போது, விமானநிலையத்தில் கதவு திறந்து குளிர் உள்ளே வருகிறபோது, கம்பியைப் பிடித்த ஒரு கைக்காக மனம் ஏங்குகிறது. நீல ஜாக்கெட் போட்ட ஒருவர் அங்கே நின்று, இறங்குவதா விடுவதா என்று தன் மிச்ச வாழ்க்கை முழுவதையும் யோசித்துக்கொண்டிருந்தார். நானோ பெரியவர்களுக்கு இடம்விடுகிற நல்ல பழக்கத்தை மாமி வந்த கொஞ்ச நாளிலேயே இவ்வளவு கெதியாகப் பழகிவிட்டாரே என்று மகிழ்ந்து, யன்னல் கண்ணாடியில் மூச்சுவிட்டு, என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.